நான்காவது பொருள்

"பசி," என்றார் மாமனார்.

அகராதிக்காரன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். தாளில் பசி எங்கேயும் இல்லை.

"இன்னொரு தடவை படிக்கறேன் மாமா. 'மழை விட்ட பிறகும் வீட்டில் இருந்த அமைதி அவனை டேஷ்.' அந்த டேஷ் இருக்கற இடத்துல என்ன வரும்?"

"அதான் சொன்னேனே. பசி. மழையில வெளிய போயிருக்க மாட்டான். கடை சாத்தியிருக்கும். பசிக்காம என்ன செய்யும்?"

"'அமைதி அவனை'ன்னு வருது மாமா."

"சரி. அமைதி அவனைப் பசிக்க வச்சுது. எழுதிக்கங்க."

அவன் எழுதிக்கொள்ளவில்லை. வாக்கியத்தைக் குறுக்கே அடித்தான். மாமனார் எழுந்துபோய் அவனுக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார். வாக்கியத்தில் இருந்தவனுக்குப் போட முடியாததால் இவனுக்குப் போட்டார் போலிருக்கிறது.

அவன் வேலை பார்த்தது ஓர் அகராதி அலுவலகத்தில். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் மாணவர் அகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுத வேண்டும். அதில் தொல்லை இல்லை. தொல்லை முதன்மையாசிரியை போட்டிருந்த விதியில் இருந்தது. எழுதியவர் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், பொருளைக் காட்டும் சொல்லை மட்டும் விட்டுவிட்டு, ஆங்கிலம் தெரியாத ஒரு வெளி ஆளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். விட்டுப்போன சொல்லை அவர் தாமாக நிரப்பினால் வாக்கியம் தேறியது. நிரப்பாவிட்டால் மாற்றி எழுத வேண்டும். ஓர் எழுத்து முடியும்வரை வெளி ஆளை மாற்றக் கூடாது. மாற்றலாம் என்றால் எல்லாரும் தெருவில் போகிறவரைப் பிடித்துத் தலையாட்ட வைத்துவிடுவார்கள் என்பது அந்த அம்மாளின் எண்ணம். அவருக்கு ஊழியர்களைப் பற்றி நன்றாகத் தெரியும்.

ஏ, பி, சி எழுத்துகளுக்கு அவனுடைய வெளி ஆள் அவன் மனைவி. வாக்கியம் முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டு, "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்பாள். டி தொடங்கியபோது அவள் இல்லை. வீட்டில் மிச்சமிருந்தது அவளுடைய அப்பா.

மாமனார் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் மகள் பிடிவாதமாக அவரைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். போன வருடம் மகள் போன பிறகு அவர் இங்கே இருப்பதா, மகன் வீட்டுக்குப் போவதா என்பதை யாரும் பேசவில்லை. பேசவேண்டியவன் அகராதிக்காரன். அவன் பேசுகிறவன் இல்லை. முன்பே அலுவலகத்தில் அவனுக்குத் 'தந்தி' என்று பெயர். மனைவி போன பிறகு அந்தத் தந்தியும் சுருங்கிவிட்டது. 'சரி', 'பரவாயில்லை', 'அப்புறம்' ஆகிய மூன்றை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டியிருந்தான். சொற்களுக்குப் பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிற ஆள்.

அப்படி இருக்கும்போதுதான் மச்சானிடமிருந்து போன் வந்தது. மனைவியின் அண்ணன். நல்லவன். சத்தமாகப் பேசுவான்.

"மாப்ள, அப்பாவ மாசக் கடைசியில நான் கூட்டிட்டுப் போயிடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

'சிரமம் இல்லை, இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். "சரி" என்று வந்தது. மாமனாரிடம் சொன்னான். அவரும் "சரி" என்றார். இரண்டு பேரும் சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் அவன் கைக்கு வந்த சொல் 'டிப்ரஸ்'. அதற்கு நான்கு பொருள். மூன்றை மாமனார் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

முதல் பொருள், அமுக்குவது. 'மேலே போக அவர் பட்டனை டேஷ்.' லிஃப்ட்காரரிடம் இதைக் கேட்டதே தப்பு.

"அமுக்கினார். இதுக்கு ஒரு பரீட்சையா? ஆனா எத்தன தடவ அமுக்கினார்னு எழுதணும் மாப்பிள்ளை. ஒரு தடவ அமுக்கினா அவனுக்கு வேல இருக்கு. விடாம அமுக்கினா வீட்ல சண்ட. அமுக்காம சும்மா நின்னான்னா, எங்க போறதுன்னே அவனுக்குத் தெரியல."

"அதெல்லாம் அகராதியில வராது மாமா."

"அப்புறம் என்ன அகராதி?"

இரண்டாவது, விலையை இறக்குவது. 'அமோக விளைச்சல் வெங்காய விலையை டேஷ்.' "இறக்கிச்சு. எந்தக் கடையில?" என்றார். மூன்றாவது, உடம்பின் இயக்கத்தைக் குறைப்பது. 'அந்த மாத்திரை நாடித் துடிப்பை டேஷ்.' "குறைச்சுது. யாருக்கு உடம்பு சரியில்ல?"

நான்காவது, மனத்தைச் சோர்வில் தள்ளுவது. அதற்குத்தான் பசி என்றார்.

மறுநாள் அகராதிக்காரன் முறைப்படி யோசித்தான். பசி என்று அவர் நினைக்க வாக்கியம் இடம் கொடுத்திருக்கிறது. அந்தக் கதவைச் சாத்த வேண்டும். சாத்தினான்.

"'வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், எதிரில் காலியாக இருந்த நாற்காலி அவனை டேஷ்.'"

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"ஆட்டிச்சு."

"என்னது?"

"நாற்காலி ஆடுது மாப்பிள்ளை. கால் சமமா இல்ல."

"அது எதிர்ல இருக்கற நாற்காலி மாமா. அவன் அதுல உக்காரவே இல்ல."

"உக்காந்து பாத்தா தெரியும்."

அடுத்த நாள் அவன் வீடு திரும்பியபோது, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வருடமாக யாரும் தொடாமல் கிடந்த நாற்காலி தலைகீழாக இருந்தது. மாமனார் தரையில் உட்கார்ந்து அதன் கால்களுக்கு ரப்பர் குமிழ் அடித்துக்கொண்டிருந்தார். அடித்து முடித்து, நிமிர்த்தி வைத்து, ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்து காட்டினார்.

"இப்ப பாருங்க. மலை மாதிரி நிக்குது."

அன்றிலிருந்து அவர் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். அதுவரை சுவரோரம் ஸ்டூலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். அகராதிக்காரனுக்கு அதில் வருத்தம். எதிரில் காலி நாற்காலி இல்லாத வீட்டில் உட்கார்ந்து காலி நாற்காலியைப் பற்றி எப்படி எழுதுவது? அந்த வாக்கியமும் போயிற்று.

மூன்றாவது முயற்சியில் தட்டுமுட்டுச் சாமான் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தான். சிறியதாக, ரிப்பேர் செய்ய முடியாததாக ஒன்று வேண்டும்.

"'அவளுடைய சீப்பில் இன்னும் சிக்கியிருந்த ஒற்றை முடி அவனை டேஷ்.'"

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"முடி கொட்டுதா?"

"மாமா, டேஷ்ல என்ன வரும்னு..."

"தண்ணிதான் காரணம். மேல தொட்டியப் பாத்திருக்கீங்களா? பாசி பிடிச்சுக் கெடக்கு. கொட்டாம என்ன செய்யும்?"

அவன் அதோடு விட்டுவிட்டான். அவர் விடவில்லை. மறுநாள் மாலை அவன் வந்தபோது கட்டடத்தின் படிக்கட்டு முழுக்க வாளிகள். தரைத்தளத்தில் தையல் மெஷின் போட்டிருந்த தையல்கார அம்மா வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் காலையில் பெரும்பாலும் அவள் கடைவாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.

"வாங்க சார். உங்க மாமனார் பண்ணின வேலையப் பாத்தீங்களா? வீடு வீடா ஏறி எறங்கி, கையெழுத்து வாங்கி, தொட்டியத் தொறந்து விட்டுட்டாரு. யாருக்கோ முடி கொட்டுதாம். கட்டடத்துக்கே தண்ணி இல்ல."

படியில் நின்ற எல்லாரும் அவன் தலையைப் பார்த்தார்கள். அதில் முடி அடர்த்தியாக, வெட்கமில்லாமல் இருந்தது.

"பரவாயில்லை," என்றான் அவன்.

"உங்களுக்குப் பரவாயில்ல. இஸ்திரி போடறதுக்குத் தெளிக்க எனக்கு ஒரு சொட்டு இல்லியே!"

தண்ணீர் வண்டி வந்தது. மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு வாளியோடு ஏறினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மாமனார் வாளியை இறக்கி வைத்தார்.

"அந்தச் சீப்பு எங்க இருக்கு மாப்பிள்ளை?"

"அலமாரியில. மேல் தட்டுல."

"ரெண்டு பல்லு ஒடஞ்சிருக்குமே."

"மூணு. ஈரத் தலையோட வாருவா. காயட்டும்னு சொன்னா, 'ஆபீஸ் உங்க மாமனாரோட லிஃப்டா, எனக்காக நிக்கறதுக்கு'ம்பா."

மாமனார் சிரித்தார். வாளி தளும்பி அவர் காலை நனைத்தது. மறுபடி ஏறினார்கள். அகராதிக்காரனின் கவலை எல்லாம் நான்காவது பொருள்மேல் இருந்தது.

அலுவலகத்தில் முதன்மையாசிரியை அவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, டி திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். 'டிப்ரைவ்' ரெடி. 'டெப்த்' ரெடி. கடைசிப் பக்கம் வரைக்கும் எல்லாம் ரெடி. நடுவுல உன் ஒரு சொல்லு உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

அவன் தாள்களை நீட்டினான். அடிக்கப்பட்ட வாக்கியங்களை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். சீப்பு வாக்கியத்தில் சற்று நேரம் நின்றார்.

"இது புரியலன்னா சொன்னாரு?"

"தண்ணி சரியில்லன்னாரு."

அவர் குரல் தாழ்ந்தது. "தப்பா எடுத்துக்காத. எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு வார்த்த போச்சு. அப்புறம் அடுப்ப அணைக்க மறந்தாங்க. அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி."

அகராதிக்காரன் தாள்களைத் திரும்ப வாங்கி, ஓரங்களைச் சமமாகத் தட்டினான்.

"ஆள மாத்திடலாம்," என்றார் அவர். "இந்த வெளி ஆளுக்குப் புரிஞ்சுக்கற சக்தி இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. எங்க வீட்டு வேலைக்காரம்மாவ வச்சு நாளைக்கே முடிச்சுடறேன்."

"போட மாட்டேன்."

இரண்டு சொல். அவனைப் பொறுத்தவரை அது சொற்பொழிவு. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப டாக்டர்கிட்டயாவது காட்டு."

காட்டினான். டாக்டர் முதியவர்களிடம் பேசுகிற குரலில், நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"உங்க காலண்டர்ல செவ்வாய். மத்த எல்லா எடத்துலயும் வியாழன்."

"இப்ப நாம எந்த மாடியில இருக்கோம்?"

"ரெண்டாவது. லிஃப்ட் கதவு சரியா மூடல. யார்கிட்டயாவது சொல்லுங்க."

"நூறுல இருந்து ஏழு ஏழா குறைச்சுக்கிட்டே வாங்க பார்ப்போம்."

"தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு... எதுக்கு டாக்டர் நடுவுல ஆறு மாடிய விடறீங்க? அங்கயெல்லாம் ஆளுங்க நிக்க மாட்டாங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அருமையா இருக்கார்," என்றார்.

"ஒரு வார்த்தை மட்டும் வரல டாக்டர்," என்று அகராதிக்காரன் தாளை நீட்டினான்.

டாக்டர் படித்தார். மேசைமேல் வைத்தார். பிறகு மாமனாரைப் பார்க்கவில்லை.

"நீங்க எப்படி இருக்கீங்க? தூங்கறீங்களா?"

"பரவாயில்லை."

டாக்டர் அவன் பெயரில் ஒரு சத்து மாத்திரை எழுதினார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரையை மாமனார் எடுத்து வைத்தார். "எனக்கு மறதின்னு கூட்டிட்டுப் போய் உங்களுக்கு வாங்கிட்டு வந்தோம். முழுங்குங்க," என்றார். அவர் ஒருவேளைகூட மறக்கவில்லை. இதை அகராதிக்காரன் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு வேண்டிய சான்று ஒரு டேஷ்.

மச்சானுக்குச் சொல்லாமல் இருப்பது தப்பு என்று பட்டது. செய்தி அனுப்பினான். தேவையில்லாத சொற்களை நீக்குவது அவன் தொழில். நீக்கினான். கடைசியில் நின்றது இது: 'மாமாவை டாக்டரிடம் காட்டினேன். ஞாபகசக்தி. பரவாயில்லை.'

கைபேசியைக் கீழே வைக்கவில்லை. அடித்தது.

"மாப்ள! என்ன ஆச்சு அப்பாவுக்கு? ஞாபகசக்தி போயிடுச்சா?"

"இல்ல. டாக்டர் நல்லா இருக்கார்னுதான்..."

"டாக்டர் நல்லா இருந்தா எனக்கென்ன? அப்பா எப்படி இருக்காரு? எவ்வளவு போச்சு?"

"ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தையா? ஐயோ! மாசக் கடைசி வரைக்கும் வேணாம். ஞாயித்துக்கிழமையே வந்து கூட்டிட்டுப் போயிடறேன். பாவம், தனி ஆளா என்ன பாடுபட்டீங்களோ!"

விளக்கம் சொல்லச் சரியான சொல்லை அவன் தேர்ந்தெடுத்து முடித்தபோது எதிர்முனையில் யாரும் இல்லை.

இப்போது கணக்கு எளிமையாகிவிட்டது. மாமனார் அந்த ஒரு டேஷை நிரப்பினால் போதும். டி அச்சுக்குப் போகும். 'பாருங்கள், சொல்லிவிட்டார், அவருக்கு ஒன்றும் இல்லை' என்று மச்சானிடம் சொல்லலாம். அதோடு ஒட்டிக்கொண்டு 'இங்கேயே இருக்கட்டும்' என்பதும் எப்படியாவது வாயிலிருந்து வந்துவிடும். தனியாக அதைச் சொல்லும் தெம்பு அவனுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை: "'கைபேசியில் அவள் எண்ணைத் தேடாமலே விரல் அங்கே போய் நிற்பது அவனை டேஷ்.'"

"விரல் வலி," என்றார் மாமனார் உடனே. "எனக்கும் இருந்துச்சு. நாள் பூரா பட்டன அமுக்கி அமுக்கி. கையக் காட்டுங்க."

தைலத்தை எடுத்துவந்து அவனுடைய ஆட்காட்டி விரலில் தேய்க்க ஆரம்பித்தார். பட்டம் பெற்ற ஆண்மகன் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போட்டுப் பாத்தீங்களா, அந்த நம்பர?"

"ஒரு தடவ."

"யாரு எடுத்தா?"

"யாரோ ஒரு பொண்ணு. நம்பர வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க போல. யாரு வேணும்னு கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல. வெங்காயம் வாங்கிட்டு வரணுமான்னு கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"வேணாம், வீட்ல இருக்குன்னுச்சு."

மாமனார் தலையை ஆட்டினார். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நல்ல பொண்ணு," என்றார்.

சனிக்கிழமை அவன் வாக்கியம் எழுதவில்லை. ஒரு பத்தியே எழுதினான். இதற்குமேல் தெளிவாக எழுத அவனால் முடியாது. மாமனார் மலை மாதிரி நிற்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் படித்தான்.

"'ஆஸ்பத்திரியில் அவளுடைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். செருப்பு மட்டும் பையில் அடங்கவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பஸ் நிறுத்தத்தில் நின்றான். பக்கத்தில் இருந்தவர், செருப்பு அறுந்துபோச்சா, தைக்கணுமா என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான். அது அவனை டேஷ்.'"

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்," என்றார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பஸ் லேட்டு."

எழுந்து குளியலறைக்குப் போனார். குழாய் திறந்தே இருந்தது. புதிதாகக் கழுவிய தொட்டியின் நல்ல தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது முகமும் சட்டைக் காலரும் நனைந்திருந்தன.

"தைக்கக் குடுத்தீங்களா?"

"செருப்பு அறுந்தே போகல மாமா."

"தெரியும். குடுத்தீங்களான்னு கேட்டேன்."

"குடுத்தேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"நல்லாத்தானே இருக்குன்னான். நான் அப்படியே நின்னுட்டிருந்தேன். என் மூஞ்சியப் பாத்துட்டு, எதுவும் பேசாம ரெண்டு தையல் போட்டுக் குடுத்தான்."

"ம்."

"ரெண்டு செருப்புலயும்."

"ம். மேல சொல்லுங்க."

"மேல ஒண்ணும் எழுதல மாமா. அவ்வளவுதான்."

அகராதிக்காரன் தாளை மடித்தான். சந்தேகமே இல்லை. இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவருக்குப் பிடிபடவில்லை என்றால் அது மறதிதான். மொழியை முறையாகப் படித்த மூளை அப்படித்தான் முடிவு கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மூன்று மாடி ஏறி வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா... நான்... யாருன்னு... தெரியுதா?"

"மூணு மாடி ஏறினா நாக்குத் தள்ளற என் பையன். தொப்பையக் கொறடா."

மச்சான் அகராதிக்காரனைப் பார்த்தான். "நல்லாத்தான மாப்ள இருக்காரு?"

"அந்த ஒரு வார்த்தைதான்."

"எங்க, என் முன்னாடி கேளுங்க."

அகராதிக்காரன் இலக்கியத்தை எல்லாம் ஒதுக்கினான். பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் நிரப்பக்கூடிய ஒன்றைச் சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் கெஞ்சியது.

"மாமா, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. 'அந்தத் துக்கச் செய்தி அவன் மனசை டேஷ்.' மனசை. மனசை என்ன பண்ணிச்சு?"

மாமனார் மகனைப் பார்த்தார். வாசலில் தயாராக வைத்திருந்த காலிப் பெட்டியைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். அவன் இரண்டு கையாலும் தாளைப் பிடித்திருந்தான்.

"அப்புறம் என்ன ஆச்சு அவனுக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கு?"

"துக்கச் செய்தி வந்தவனுக்கு. முழுசாச் சொன்னாத்தானே தெரியும்?"

மச்சான் நெற்றியில் அறைந்துகொண்டான். "போதும் மாப்ள. பாக்கவே முடியல. அப்பா, உள்ள போய் வேற சட்டை மாத்திக்கிட்டு வாங்க."

"சரி," என்றார் மாமனார். போனார். உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

மச்சான் பெட்டியைத் திறந்து கொடியில் இருந்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தான். அகராதிக்காரனும் ஒரு துண்டை எடுத்தான். மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். 'இங்கேயே இருக்கட்டும்.' மொத்தம் இரண்டு சொல். அகராதியில் இரண்டுமே மிக எளிய சொற்கள். துண்டு நான்காவது தடவையாக மடிந்துகொண்டிருந்தபோது வாசலில் தையல்கார அம்மா வந்து நின்றாள். கையில் மாமனாரின் கால்சட்டை.

"பெரியவரோடது. இடுப்பு பிடிச்சுக் குடுக்கச் சொன்னாரு." பெட்டியைப் பார்த்தாள். "எங்க கெளம்பறாரு?"

"எங்க வீட்டுக்கு," என்றான் மச்சான். "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சும்மா."

"அவருக்கா? தொட்டி கழுவின அன்னிக்கு எந்த வீட்டுக்கு எத்தன வாளின்னு இன்னிக்குக் கேட்டாலும் சொல்வாரே!"

"அதெல்லாம் இருக்கும்மா. ஒரே ஒரு வார்த்தைதான் போயிடுச்சு. மாப்ளையும் தினமும் உக்காந்து என்னென்னவோ சொல்லிக் கேக்கறாரு. அர்த்தம் சொல்லத் தெரியல."

"எந்த வார்த்த?"

அகராதிக்காரன் துண்டைக் கீழே வைத்தான். "'டிப்ரஸ்'ஸுன்னு ஒரு சொல்லு. அதுக்கு நாலாவது பொருள்."

தையல்கார அம்மா கால்சட்டையைப் பெட்டியில் வைக்கவில்லை. நாற்காலியின் முதுகில் போட்டாள்.

"அட, மனசு ஒடஞ்சு போறதுதானே? அத முதல் நாளே கீழ வந்து என்கிட்ட சொல்லிட்டாரே! 'மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மறுபடியும் பேச்ச நிறுத்திடுவாரு'ன்னாரு."